எல்லாரும் ஏன் பாயான் லெப்பாசுக்கே ஓடுறாங்க?

கேள்வி: ஐயா, எம்மவன் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளோமா முடிச்சிருக்கான். இங்க காமுண்டிங்லயே பேக்டரி இருக்கு, வீட்டுச் சாப்பாடு இருக்கு, ஆனா பினாங்குக்குத்தான் போவேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறான். 1885லயே ரயில் ஓடுன ஊரு எங்களோடது, நிலமும் மலிவு. கம்பெனிக்காரங்க இங்க வராம, வாடகையும் ஜாமும் கழுத்த நெரிக்கிற அந்தத் தீவுலயே போய் ஏன் விழுறாங்க?
- ஒரு தாய், தைப்பிங்

பதில்: அம்மா, நிலம் மலிவா இருந்தா கம்பெனி வந்துரும்னா நம்ம பழைய தோட்டமெல்லாம் இந்நேரம் சிப் பேக்டரியா இருந்திருக்கும்.

பினாங்கும் ஒரு காலத்துல நொடிச்சுப் போன ஊருதான். 1969ல வரியில்லாத் துறைமுகச் சலுகை கைய விட்டுப் போச்சு, வேலை இல்லாம பசங்க சுத்துனாங்க. அதே வருஷம் முதலமைச்சரான லிம் சோங் இயூ வெளிநாட்டுக் கம்பெனிகளத் தேடிப் போய்க் கூப்பிட்டாரு. 1972ல தீவுல இருக்கிற பாயான் லெப்பாஸ்ல சுதந்திர வர்த்தக வட்டாரம் வந்துச்சு, இன்டெல், ஏஎம்டி, எச்பி, போஷ், ஹிட்டாச்சின்னு ஆரம்பத்துல வந்த எட்டு கம்பெனிய இன்னிக்கும் "எட்டு சாமுராய்"னுதான் சொல்லுவாங்க. அவங்க வந்ததுக்குக் காரணம் வரிச் சலுகை, இங்கிலீஷ் தெரிஞ்ச பிள்ளைங்க, பக்கத்துலயே ஏர்போர்ட் (சிப்பு எடை கம்மி வெலை ஜாஸ்தி, ப்ளேன்ல அனுப்புனாலும் கட்டுப்படியாகும்), அப்புறம் குறைஞ்ச சம்பளம், அதையும் மறைக்காம சொல்லணும்ல.

ஆனா மொதல்ல வந்தவங்கதான் சலுகைக்காக வந்தாங்க, பின்னாடி வந்தவங்க ஆளுங்களுக்காக வந்தாங்க. சலுகைய எந்த மாநிலமும் குடுக்கலாம், பத்து இருவது வருஷம் லைன்ல நின்னு பழகுன டெக்னிஷன எங்க போய் வாங்குறது? ராத்திரி ஷிப்டுல மெஷின் பார்ட்ஸ் ஒடஞ்சா செஞ்சு குடுக்க பக்கத்துலயே சின்னச் சின்ன பட்டறைங்க வேற இருக்கு, அதுல சிலது இப்ப பெரிய கம்பெனி. எச்பில வேலை பாத்த எஞ்சினியருங்க 2000ல ஆரம்பிச்ச வைட்ராக்ஸ், சிப்பு சரியா இருக்கான்னு கேமரா வச்சுப் பாக்குற மெஷினையே செஞ்சு ஏற்றுமதி பண்ணுது.

உங்க பையன் கணக்கும் இதேதான். ஒரே பேக்டரி இருக்கிற ஊர்ல அது மூடுனா பெட்டியக் கட்டணும், பாயான் லெப்பாஸ்ல ரோட்டத் தாண்டுனா இன்னொரு பேக்டரி கேட். மேனேஜரும் இத நெனச்சுத்தான் சம்பளம் பேசுவாரு. இதுல கம்பெனிக்கு ஒரு தலைவலி என்னன்னா, நாம சொல்லிக் குடுத்த ஆள பக்கத்துக் கம்பெனி இழுத்துக்கும், அப்புறம் யாரு காசு போட்டு ட்ரெயினிங் குடுப்பா? அதுக்குத்தான் 1989ல போட்டிக் கம்பெனிங்களும் மாநில அரசும் சேர்ந்து பிஎஸ்டிசின்னு பொதுவா ஒரு பயிற்சி மையத்தையே தொறந்தாங்க. எனக்குக் கேட்டா, பினாங்கு செஞ்ச புத்திசாலித்தனமான காரியம் தீவையும் பெருநிலத்தையும் சேக்குற பாலத்த விட இதுதான்.

தீவுல எடம் பத்தாம இப்ப வேலை பெருநிலத்துக்கும் வந்துருச்சு, பத்து காவான், புக்கிட் மின்யாக், அந்தப் பக்கம் கெடாவுல கூலிம். அதனால பையன தீவுலயேதான் வீடு எடுக்கணும்னு அடம்பிடிக்க வேணாம்னு சொல்லுங்க. பெருநிலத்துல புக்கிட் மெர்தாஜாம் பக்கம் நாலு பேரா ரூம் எடுத்தா வாடகை கம்மி, மோட்டர் சைக்கிள்ல போனா 2019ல இருந்து பாலத்துக்கு டோலும் கெடையாது, மழைதான் கொஞ்சம் படுத்தும்.

கேள்வி: அப்ப பினாங்குல வேலை கத்துக்கிட்டவங்க ஏன் சிங்கப்பூருக்குப் போறாங்க?
- வாசகர், பிறை

பதில்: சிங்கப்பூர் வெள்ளியோட மதிப்புங்க. அத நம்ம ரிங்கிட்டா மாத்துனா மூணு மடங்குக்கு மேல வருது, அதோட அங்கயும் ரோட்டத் தாண்டுனா இன்னொரு கேட் இருக்கு.