ஹோம்ஸும் ஒரு கிறிஸ்மஸ் வாத்தும் – கடிதம்

அன்புள்ள சார்,

டிசம்பர் வந்தாலே ஷெர்லாக் ஹோம்ஸ் கிறிஸ்மஸ் கதைங்களா தேடிப் படிக்கிற ஆளு நான். ஹோம்ஸப் படைச்ச ஆர்தர் கானன் டாயில் எழுதினது இல்ல, இப்ப உள்ளவங்க புதுசா எழுதுறது. இந்த வருஷம் மட்டும் ஒரு பன்னெண்டு கதை முடிச்சிருப்பேன். எல்லாத்துலயும் பனி கொட்டுது, ஹோம்ஸோட நண்பர் வாட்சன் கோட்டை உதறிக்கிட்டு உள்ள வர்றார், வீட்டுக்கார அம்மா மிஸஸ் ஹட்சன் புட்டிங் கொண்டு வர்றாங்க. ஆனா படிச்சு முடிச்சா ஒண்ணுகூட மனசுல நிக்கல. குறை கதையிலயா என்கிட்டயா? இன்னொண்ணு, நானே ஒண்ணு எழுதிப் பாக்கலாம்னு ஆசை. யார்கிட்டயாவது பர்மிஷன் வாங்கணுமா?

– ர.

அன்புள்ள ர.,

பர்மிஷன் விஷயத்த மொதல்ல முடிச்சிடுவோம். வாங்க வேண்டாம். நம்ம நாட்டுல எழுத்தாளர் இறந்து 60 வருஷம்தான் காப்புரிமை, டாயில் போனது 1930ல, நீங்களே கணக்கு போட்டுக்கங்க. பிரிட்டன்ல 2000 கடைசியோட முடிஞ்சுது. அமெரிக்காலதான் இழுத்துக்கிட்டே இருந்தது, அங்கயும் கடைசிக் கதைங்க 2023 ஜனவரி 1ல பொதுச்சொத்தாயிடுச்சு. அதனாலதான் இப்ப இத்தனை பேர் எழுதுறாங்க.

புதுசா எழுதுறத நான் தப்பு சொல்லவே மாட்டேன். ஹோம்ஸே கிறிஸ்மஸ் மலர்ல பொறந்தவர்தானே. முதல் நாவல் 1887ல ஒரு கிறிஸ்மஸ் ஆண்டு மலர்லதான் வந்தது, நம்ம தீபாவளி மலர் மாதிரி, விலை ஒரு ஷில்லிங். அதுக்கு டாயிலுக்கு கெடச்சது 25 பவுண்டு, மொத்த உரிமையும் எழுதிக் குடுத்துட்டு! பாவம் மனுஷன்.

சரி, உங்க கேள்விக்கு வர்றேன். குறை உங்ககிட்ட இல்ல. மொத்தம் இருக்குற 60 கதைல டாயில் எழுதின கிறிஸ்மஸ் கதை ஒண்ணே ஒண்ணுதான், 1892 ஜனவரில ஸ்ட்ராண்ட் பத்திரிகைல வந்த ‘ப்ளூ கார்பங்கிள்’ங்கற நீலக்கல் கதை. அத இன்னொரு தடவை எடுத்துப் பாருங்க, அதுல பனி கொட்டவே கொட்டாது. உறையுற குளிர், ஜன்னல் கண்ணாடில பனிப்படிகம், வெளிய மேகமே இல்லாத வானத்துல நட்சத்திரம், அவ்வளவுதான். அதுவும் கிறிஸ்மஸ் அன்னிக்குக்கூட இல்ல, ரெண்டு நாள் கழிச்சு 27ம் தேதி காலைல ஆரம்பிக்குது. அப்புறம் எப்படி கிறிஸ்மஸ் கதை ஆச்சு? வாத்துனால. (சரியா சொன்னா கூஸ், நம்ம ஊர் வாத்தவிட பெருசு.)

ஒரு ஹோட்டல் ஊழியன் சீமாட்டியோட கல்ல திருடிடறான், எங்க ஒளிக்கிறதுன்னு தெரியாம அக்கா வீட்டுக்கு ஓடுறான், அக்கா வாத்து வளர்த்து விக்கிறவ, இந்த கிறிஸ்மஸுக்கு உனக்கு பிடிச்ச ஒண்ண எடுத்துக்கடான்னு ஏற்கனவே சொல்லியிருக்கா, அவன் ஒண்ணப் பிடிச்சு கல்ல வாய்க்குள்ள தள்ளி முழுங்க வெச்சிடறான், அப்புறம் வால்ல பட்டை போட்ட வாத்து ரெண்டு இருந்ததால தப்பான வாத்த தூக்கிட்டுப் போயிடறான். கல்லு முழுங்குன வாத்து கோவென்ட் கார்டன் வியாபாரிகிட்ட போகுது, அங்கேருந்து பிரிட்டிஷ் மியூசியம் பக்கத்துல ஒரு மதுக்கடைக்கு. அங்க வாத்து கிளப் நடக்குது, நம்ம தீபாவளிச் சீட்டேதான், வாரா வாரம் சில்லறை கட்டினா கிறிஸ்மஸுக்கு ஒரு வாத்து. கட்டினவர் வாத்தத் தோள்ல போட்டுட்டு வீட்டுக்குப் போறப்ப தெருவுல ரவுடிங்க வம்புக்கு வர, வாத்தையும் தொப்பியையும் போட்டுட்டு ஓடிடறார். அது ரெண்டும்தான் ஹோம்ஸ்கிட்ட வந்து சேருது.

இப்ப இந்தக் கதைய ஜூன் மாசத்துக்கு மாத்திப் பாருங்க. நிக்காது. அக்கா வாத்து தரமாட்டா, கிளப் இல்ல, ராத்திரி நேரத்துல வாத்தோட நடந்து போற ஆளும் இல்ல. கடைசில ஹோம்ஸ் திருடன மன்னிச்சு விட்டுடறாரே, அதுக்கும் மன்னிக்கிற காலம் இதுன்னு பண்டிகையத்தான் காரணமா சொல்றார். நீங்க படிச்ச பன்னெண்டையும் இதே மாதிரி ஜூனுக்கு தள்ளிப் பாருங்க, முக்காவாசி அப்படியே நிக்கும்னு நெனைக்கிறேன். பனிய எடுத்துட்டு மழையப் போட்டா போதும். அதான் மனசுல ஒட்டல.

இத்தனைக்கும் கதைல ஓட்டை இல்லாம இல்ல. கல்லு வாத்தோட தீனிப்பைல கெடச்சதுன்னு எழுதிட்டார், கோழிக்கு இருக்குற மாதிரி தீனிப்பை அந்த வாத்துக்குக் கிடையாதுன்னு வாசகருங்க இன்னிக்கு வரைக்கும் பிடிச்சுக்கிட்டு இருக்காங்க. கார்பங்கிள்னு சொல்ற கல்லு செவப்பு, இவர் நீலம்னுட்டார், போதாக்குறைக்கு அத படிகமாப் போன கரின்னு வேற ஹோம்ஸ் வாயாலயே சொல்ல வெச்சிட்டார். ஆனாலும் யாருக்கும் கதை கசக்கல.

நீங்க எழுதுறதா இருந்தா லண்டன் பனிய விட்டுட்டு லண்டன் பழக்கத்த தேடுங்க. அவங்க கிறிஸ்மஸ் புட்டிங்க நவம்பர் கடைசிலயே கிண்டி வெச்சிடுவாங்க, அதுக்குன்னே ஒரு ஞாயித்துக்கிழமை இருக்கு. வீட்ல எல்லாரும் ஆளுக்கு ஒரு கிண்டு கிண்டணும், உள்ள ஒரு வெள்ளிக்காசு போடுவாங்க. அப்ப கிறிஸ்மஸ் அன்னிக்கு புட்டிங்ல ஏதாவது கெடைச்சா, அது ஒரு மாசத்துக்கு முன்னாடி அந்த சமையலறைல நின்ன ஒருத்தர் போட்டது. எவ்வளவு அழகான முடிச்சு! (இதுல ஏற்கனவே ஆளுங்க கைவெச்சிட்டாங்க, ஜாக்கிரதை.) அந்தக் காலத்துல ஏழைங்க வீட்ல பெரிய அடுப்பு கிடையாது, வாத்த பேக்கரிக்கு எடுத்துட்டுப் போய் அங்க அடுப்புல சுட்டு வாங்கிட்டு வருவாங்க. ஒரே அடுப்புல தெருவுல பாதி வீட்டு வாத்து. பாத்திரம் மாறிப் போனா?

எனக்கு ரொம்ப பிடிச்சது 26ம் தேதி, பாக்ஸிங் டே. 1871ல இருந்து அங்க அது பேங்க் லீவு. அப்பல்லாம் தபால்காரர், குப்பை அள்றவர், தெருவிளக்கு ஏத்துறவர்னு வருஷம் பூரா வேலை செஞ்சவங்க எல்லாம் வரிசையா கதவத் தட்டி இனாம் கேப்பாங்க, நம்ம ஊர்ல தீபாவளி இனாம் வாங்க வர்ற மாதிரியே. அன்னிக்கு லண்டன்ல எந்த வீட்டுக் கதவ யார் தட்டினாலும் சந்தேகம் வந்திருக்காது. கதைய இப்படி ஆரம்பிச்சுப் பாருங்க: ஹோம்ஸ் குடியிருக்குற பேக்கர் தெரு வீட்டுக்கு அன்னிக்குக் காலைல ஒரு விளக்கு ஏத்துற ஆள் வந்து இனாம் வாங்கிட்டுப் போறார், சாயங்காலம் இன்னொரு விளக்கு ஏத்துற ஆள் வந்து நிக்கிறார், மிஸஸ் ஹட்சன் கடுப்பாகி மாடிக்கு வந்து ஹோம்ஸ்கிட்ட புலம்புறாங்க.

மார்ச்சுக்குள்ள நீங்க எழுதலன்னா நான் எழுதிடுவேன்.