வேறு புற்றுநோய்க்கு எடுத்த ஸ்கேனில் மார்பில் முடிச்சு: கேள்வி பதில்

வேலூர் வட்டார வாசகர்களின் கேள்விகளுக்கு மார்பக ஸ்கேன் மருத்துவர் ஒருவரின் பதில்கள்.

குடியாத்தம் வாசகி: அம்மாவுக்குக் குடல் புற்றுநோய். பெட் சிடி (உடலில் புற்று எங்கெங்கே இருக்கிறது என்று தேடும் ஸ்கேன்) ரிப்போர்ட்டின் நடுவில் ‘வலது மார்பில் 9 மி.மீ. முடிச்சு, மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) தேவை’ என்று ஒரு வரி. கடைசியில் உள்ள முடிவில் அது இல்லை. விட்டுவிடலாமா?

விட்டுடாதீங்கம்மா. எனக்குப் பெரிய கவலையே இந்த மாதிரி வரிகள்தான். குடலுக்கு எடுத்த ஸ்கேன் என்பதால் எல்லார் கண்ணும் குடலுக்கும் கல்லீரலுக்கும் போகும்; மார்பைப் பற்றிய வரி ஃபைலிலேயே தங்கிவிடும். பேனாவால் அடிக்கோடு போட்டு, அடுத்த ஓ.பி.யில் காட்டி, “இதுக்கு என்ன செய்யணும்?” என்று நேராகக் கேளுங்கள்.

பெட் ஸ்கேனுக்கு ஊசியில் போடுவது சர்க்கரை போன்ற மருந்து. அதை அதிகம் இழுக்கும் இடம் பளிச்சென்று தெரியும். புற்று இழுக்கும், அழற்சியும், ஃபைப்ரோஅடினோமா போன்ற சாதாரணக் கட்டிகள் சிலவும் இழுக்கும். மெதுவாக வளரும் சில புற்றுகள் சரியாக இழுக்காது. ஆகவே மேமோகிராமும் அல்ட்ராசவுண்டும் எடுத்து, சந்தேகம் இருந்தால் ஊசி பயாப்சி (ஊசியால் துளி சதை எடுத்துச் சோதிப்பது) செய்துதான் முடிவு சொல்ல முடியும். ஒரே இடத்தில் புள்ளியாகத் தெரிந்தால் அலட்சியம் கூடவே கூடாது. அப்படித் தெரிபவற்றில் கணிசமானவை புற்றாகவே இருக்கின்றன.

ஆம்பூர் வாசகர்: மனைவிக்கும் இதே நிலை. குடல் புற்று மார்புக்குப் பரவிவிட்டதா?

பெரும்பாலும் இருக்காது, தம்பி. வேறு உறுப்பிலிருந்து மார்புக்குப் பரவுவது அபூர்வம். நிணநீர்ப் புற்று, மெலனோமா என்ற தோல் புற்று, நுரையீரல், சினைப்பைப் புற்றுகளில் எப்போதாவது பார்க்கிறோம். பயாப்சிக்குப் போகும்போது குடல் புற்றுக்கு முன்பு எடுத்த சதையின் ஸ்லைடையும் (கண்ணாடித் தகடு) பிளாக்கையும் (மெழுகில் பதித்த சதை) கொண்டுபோங்கள். பழையதையும் புதியதையும் ஒப்பிட்டால்தான் புதுப் புற்றா, பரவியதா என்பது தெளிவாகும்.

காட்பாடி வாசகி: அக்குளில் நெறி கட்டியிருப்பதாக ரிப்போர்ட். சமீபத்தில் தடுப்பூசி போட்டேன்.

அதே பக்கக் கையிலா? அப்படியானால் தடுப்பூசியே காரணமாக இருக்கலாம். போட்ட தேதி, எந்தக் கை இரண்டையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

ஆற்காடு வாசகர்: நான் ஆண். புராஸ்டேட் சிகிச்சையில் இருக்கிறேன். மார்பு வீங்கியிருக்கிறதாம்.

ஹார்மோன் சிகிச்சையில் இது சகஜம், ஐயா. ஒரு பக்கம் மட்டும் கெட்டியாக இருந்தாலோ, காம்பில் ரத்தம் கசிந்தாலோ உடனே காட்டுங்கள்.

வாணியம்பாடி வாசகி: மார்பைப் பார்க்கும்வரை கீமோவை நிறுத்தணுமா?

நீங்களாக நிறுத்தாதீர்கள். எது முந்தி என்பதைப் புற்றுநோய் டாக்டர் தீர்மானிப்பார். முதல் நோய் மிகவும் முற்றியிருந்தால், பயாப்சி வேண்டாம் என்று அவரே சொல்லக்கூடும். அது பேசி எடுக்கும் முடிவாக இருக்கட்டும், மறந்துபோனதாக இருக்க வேண்டாம்.