தளர்ந்த மூட்டுள்ள குழந்தைகள்: பெற்றோரின் கேள்விகளும் இயன்முறை மருத்துவரின் பதில்களும்

கேள்வி: என் 6 வயது மகளின் கட்டைவிரல் முன்கையைத் தொடும் அளவுக்கு வளைகிறது, முழங்கையும் பின்னோக்கி மடங்குகிறது. வலி இல்லை. சிகிச்சை தேவையா? (ஒரு தாய், திருச்சி)

பதில்: வலியோ அசதியோ இல்லையென்றால் தேவையில்லை. விரல், முழங்கை, முழங்கால் போன்றவை எவ்வளவு வளைகின்றன என்று பார்த்து மதிப்பெண் இடும் பெய்ட்டன் அளவீட்டின் 9 மதிப்பெண்ணில் பருவமடையாத குழந்தைகள் 6 அல்லது அதற்கு மேல் பெற்றால் மூட்டுகள் பொதுவாகத் தளர்ந்திருப்பதாகக் கொள்கிறோம். அது நோயின் பெயரன்று, பெரும்பாலான குழந்தைகளுக்கு வயது ஏற ஏறத் தளர்ச்சி குறைந்தும் விடும். விருந்தினர் வரும்போதெல்லாம் "விரலை வளைத்துக் காட்டு" என்று கேட்கும் வழக்கத்தை மட்டும் இன்றோடு நிறுத்துங்கள்.

கேள்வி: பையனுக்கு அடிக்கடி கால்வலி. கால்சியம் மாத்திரை கொடுக்கலாமா? (ஊர் குறிப்பிடப்படவில்லை)

பதில்: ஊர் இல்லாவிட்டால் பரவாயில்லை, வயதும் இல்லை, எந்தக் கால், எந்த நேரத்தில் வலி என்பதும் இல்லை. இப்படி ஒரு வரி எழுதி மாத்திரையின் பெயர் கேட்பவர்களுக்கு என்ன சொல்வது? இரண்டு கால்களும் மாலையிலோ இரவிலோ வலித்து, காலையில் குழந்தை வழக்கம்போல ஓடியாடினால், வெந்நீர் ஒத்தடமும் இதமாகத் தடவிக் கொடுப்பதும் பெரும்பாலும் போதும். ஒரே இடத்தில் வலி, மூட்டில் வீக்கம், காலையில் நெடுநேர விறைப்பு, காய்ச்சல், நொண்டல் ஆகியவற்றில் எது இருந்தாலும் இந்த வாரமே குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். தரையிலிருந்து எழும்போது தொடையில் கை ஊன்றி எழுகிறான் என்றால் அது தசையின் சிக்கலாக இருக்கலாம், தாமதிக்கவே கூடாது. மூட்டுத் தளர்ச்சி, மூட்டைப் பிணைக்கும் நார்களிலுள்ள கொலாஜன் என்ற புரதம் சார்ந்தது, கால்சியத்தால் இறுகாது. வைட்டமின் டி குறைவு வேறு விஷயம். அதை இரத்தப் பரிசோதனையில் உறுதி செய்துகொண்டு மருந்து கொடுங்கள்.

கேள்வி: இரண்டாம் வகுப்பு படிக்கும் மகன் அரைப் பக்கம் எழுதியதும் கை வலிக்கிறது என்கிறான். ஆசிரியை சோம்பேறி என்கிறார். (மதுரை)

பதில்: அவன் எழுதும்போது ஆள்காட்டி விரலைக் கவனியுங்கள். நுனி மூட்டு உட்குழிந்து, நகம் வெளுக்கும் அளவுக்கு பென்சிலை அழுத்துகிறான் என்றால், நிலையாக நிற்காத மூட்டை வலுவால் பிடித்துக்கொண்டு எழுதுகிறான்; சோம்பலுக்கு அதில் இடமில்லை. தடித்த முக்கோணப் பென்சில் வாங்கிக் கொடுங்கள். தடிமனான ஃபைல் ஒன்றை நோட்டுக்கு அடியில் வைத்துச் சாய்வாக்குங்கள். பாதம் தொங்காமல் முக்காலியில் ஊன்றியிருக்கட்டும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கையை உதறி ஓய்வு கொடுக்க வேண்டும். சப்பாத்தி மாவு பிசைவதும் ஈரத்துணி பிழிவதும் நல்ல பயிற்சி. பார்த்து எழுதும் வேலையைக் குறைக்கும்படி பள்ளிக்கு மருத்துவரிடம் கடிதம் வாங்கிக் கொடுங்கள்.

கேள்வி: 9 வயது மகளை யோகா மாஸ்டர் "ரப்பர் உடம்பு" என்று பாராட்டி மாவட்டப் போட்டிக்குத் தயார் செய்கிறார். இரண்டு மாதமாக இடுப்பும் முழங்காலும் வலிக்கின்றன. போட்டி முடியும்வரை பொறுக்கலாமா? (ஈரோடு)

பதில்: ஒரு நாளும் பொறுக்க வேண்டாம். எத்தனை முறை எழுதினாலும் இதே கடிதம் வேறு ஊர் முத்திரையுடன் வந்துகொண்டேதான் இருக்கிறது. மற்ற குழந்தை வளைய முடியாமல் நிற்கும் இடத்தில் தளர்ந்த மூட்டுள்ள குழந்தை இன்னும் வளையும். மூட்டு எந்த நிலையில் இருக்கிறது என்பதை உணரும் திறனும் இத்தகைய குழந்தைகளில் பலருக்குக் குறைவு என்பதால், எங்கே நிறுத்த வேண்டும் என்று அவளுக்கே தெரிவதில்லை. அதிகம் வளைபவருக்கே மதிப்பெண் என்ற போட்டியில் அவள் முதலில் வருவதில் வியப்பென்ன? மார்பைத் தரையில் ஊன்றிக் கால்களைப் பின்புறமாகத் தலைக்கு முன் கொண்டுவரும் கண்டபேருண்டாசனத்தில் இருக்கும் குழந்தையை "இன்னும் கொஞ்சம்" என்று அழுத்தும் மாஸ்டர்களையும், சாதனை நிகழ்ச்சி என்ற பெயரில் வெயிலில் வரிசை வரிசையாகக் குழந்தைகளை வளைத்து நிறுத்திப் படம் எடுக்கும் அமைப்பாளர்களையும், கைதட்டும் பெற்றோரையும் நான் ஒரே தட்டில்தான் வைப்பேன். முதுகைத் திரும்பத் திரும்பப் பின்னால் வளைக்கும் வளரும் குழந்தைகளுக்குக் கீழ்முதுகு எலும்பில் மெல்லிய முறிவு உண்டாவது விளையாட்டு மருத்துவம் நன்கறிந்த ஒன்று. ஆகவே எலும்பு மருத்துவர் பார்த்துச் சொல்லும்வரை சக்கராசனம் உட்பட எந்தப் பின்வளைவும் கூடாது.

நான் யோகாவுக்கு எதிரியல்லன். வீரபத்ராசனம், விருட்சாசனம் போன்றவற்றை, முழங்காலைப் பின்னுக்குப் பூட்டிவிடாமல் சற்றே தளர்த்தி, மெதுவாக நிலைநிறுத்திச் செய்தால் இவளுக்கு வேண்டிய தசைவலு கிடைக்கும். பரதநாட்டியத்துக்கும் இதுவே விதி: அரைமண்டியில் கால் இடுப்பிலிருந்து திரும்ப வேண்டும், முழங்கால் கால்விரல்களுக்கு நேராக நிற்க வேண்டும். இதைச் செய்யச் சம்மதிக்காத ஆசிரியரை மாற்றுங்கள்.

கேள்வி: முழங்காலுக்கு நாள் முழுவதும் நீ-கேப் போடலாமா? (சேலம்)

பதில்: வேண்டாம். தசை செய்ய வேண்டிய வேலையை அது செய்துவிடும்.

கேள்வி: பேரனுக்கு 20 மாதம், இன்னும் நடக்கவில்லை. மூட்டு தளர்வு என்கிறார்கள். எண்ணெய் தேய்த்துக் கால்களை நீட்டி உருவிவிட்டால் சரியாகுமா? (பாட்டி, கும்பகோணம்)

பதில்: அம்மா, 18 மாதத்தில் நடக்காத குழந்தையை மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும், தளர்ச்சியால் நடை தாமதமாவது உண்டு என்றாலும் வேறு காரணம் இல்லையென்று உறுதி செய்ய வேண்டும். எண்ணெய் தேய்ப்பது நல்லதுதான். கைகால்களை இழுப்பதும் குறுக்கே மடக்குவதும் சொடக்கு எடுப்பதும் வேண்டாம். ஒற்றைக் கையைப் பிடித்துத் தூக்காதீர்கள், முழங்கை விலகிவிடும்.

கேள்வி: 12 வயது மகளுக்கு ஏலர்ஸ்-டான்லோஸ் இருக்குமோ என்று பயமாக இருக்கிறது. மரபணுச் சோதனை செய்யலாமா? (கோவை)

பதில்: ஏலர்ஸ்-டான்லோஸ் என்பது மூட்டு, தோல் போன்றவற்றின் இணைப்புத் திசுவைப் பாதிக்கும் மரபுவழி நோய்த் தொகுதி. 2017-இன் வகைப்பாடு அதில் 13 வகைகளைச் சொல்கிறது, அவற்றுள் அதிகம் காணப்படும் தளர்மூட்டு வகைக்கு இன்றுவரை மரபணுச் சோதனை இல்லை, வளர்ச்சி முடியும்முன் அந்தப் பெயரைச் சூட்டவும் நிபுணர்கள் தயங்குகிறார்கள். தோல் இழுத்தால் அதிகம் நீள்வது, தழும்பு மெல்லிய காகிதம்போல் அகல்வது, எளிதில் கன்றிப்போவது, கைகால்கள் அளவுக்கு மீறி நீண்டிருப்பது, குடும்பத்தில் இளவயதில் பெருந்தமனிக் (இதயத்திலிருந்து புறப்படும் பெரிய இரத்தக்குழாய்) கோளாறு ஆகியவை இருந்தால் மரபியல் மருத்துவரையும் இதய மருத்துவரையும் பாருங்கள். வலிக்கும் அசதிக்குமான பயிற்சியைத் தொடங்க நோயின் பெயர் தெரியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

கேள்வி: பி.டி. வகுப்பிலிருந்து முழு விலக்கு கேட்கலாமா? (நாகர்கோவில்)

பதில்: கேட்காதீர்கள். உட்கார்ந்தே இருந்தால் தசை இன்னும் தளரும். நீச்சலும் சைக்கிளும் நல்லவை. மறுநாள் வலித்தால் பாதியாகக் குறைத்து, வாரவாரம் கொஞ்சம் கூட்டுங்கள். விலக்கு கேட்பதானால் புத்தகப் பைக்குக் கேளுங்கள்: உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பை இருக்கக்கூடாது என்று 2020-இன் பள்ளிப் பைக் கொள்கையே சொல்கிறது.