கரண்ட் போனால் அந்தத் தண்ணீர் எங்கே போகும்? கடல்நீர்த் தொட்டி சம்ப்: கேள்வி-பதில்

சம்ப் என்றால் நம் ஊரில் பலருக்கும் வாசலில் லாரித் தண்ணீர் இறக்கும் தரைத்தொட்டிதான் ஞாபகம் வரும். இங்கே பேசுவது வேறு. மீன் தொட்டிக்கு அடியில், ஸ்டாண்டுக்குள் உட்காரும் இரண்டாவது தொட்டி இது. மேலே வழிகிற நீர் இதில் இறங்கி, சுத்தமாகி, மோட்டார் வழியாகத் திரும்ப மேலே ஏறும். இந்த முறை வந்த கேள்விகளில் பாதி, தரை நனைந்த கதைகள்தான்.

தொட்டி 120 × 45 செ.மீ., உயரம் 50. சம்ப் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? (மதுரை வாசகர்)

ஸ்டாண்டுக்குள் நுழைகிற அளவுக்குப் பெரிதாகச் செய்யுங்கள் என்பது பாதி பதில். மீதிப் பாதி ஒரு கணக்கு. உங்கள் தொட்டியில் ஒரு செ.மீ. உயரத் தண்ணீர் என்பது 5.4 லிட்டர். மோட்டார் நின்றதும் மேலே 3 செ.மீ. இறங்கினால் 16 லிட்டர் கீழே வரும். குழாய்களில் நிற்பதையும் சேர்த்து 20 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சம்ப் 90 × 40 × 40 என்றால் அதில் ஒரு செ.மீ.க்கு 3.6 லிட்டர் பிடிக்கும். ஓடும்போது நீர்மட்டம் 23 செ.மீ. என்றால் மேலே 17 செ.மீ. காலி, அதாவது 61 லிட்டர் இடம். தாராளம்.

அந்த 23-ஐச் சும்மா சொல்லவில்லை. சம்புக்குள் வைக்கும் ஸ்கிம்மர்கள் (பொடிக் குமிழிகளால் அழுக்கை நுரையாக்கிப் பிரிக்கும் கருவிகள்) பல, 20 செ.மீ.யை ஒட்டிய ஆழத்தில்தான் ஒழுங்காக வேலை செய்யும். முதலில் ஸ்கிம்மரை வாங்குங்கள், அதன் பெட்டியில் போட்டிருக்கும் ஆழத்தைப் பாருங்கள், அப்புறம் சம்பை அறைகளாகப் பிரித்து மட்டத்தைப் பிடித்து வைக்கும் தடுப்புக் கண்ணாடியை வெட்டச் சொல்லுங்கள். எல்லாரும் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு, ஸ்கிம்மருக்கு அடியில் டைல்ஸ் துண்டு வைத்து முட்டுக்கொடுக்கிறார்கள்.

என் தொட்டியும் அதே 4 அடி அளவு. மேலே ஏறும் குழாயின் வாய் 15 செ.மீ. ஆழத்தில் இருக்கிறது. கரண்ட் போன ராத்திரி ஹால் முழுக்கத் தண்ணீர். நீரை ஒரு பக்கம் மட்டுமே விடும் நான்-ரிட்டர்ன் வால்வு போட்டால் போதுமா? (சென்னை வாசகர்)

போதாது. மோட்டார் நின்றதும் அந்தக் குழாயே தண்ணீரைத் திருப்பி உறிஞ்ச ஆரம்பித்துவிடும். குழாய் வாய்க்குக் காற்று கிடைக்கும்வரை நிற்காது. 15 செ.மீ. என்றால் 80 லிட்டருக்கு மேல். மேலே சொன்ன 61 லிட்டர் இடம்கூடத் தாங்காது.

வாயை நீர்மட்டத்துக்கு ஒட்டி உயர்த்துங்கள். முடியாவிட்டால் நீர்மட்டத்துக்கு ஒரு செ.மீ. கீழே குழாயில் 5 மி.மீ. துளை போடுங்கள். மட்டம் அதுவரை இறங்கியதும் காற்று புகுந்து உறிஞ்சல் அறுந்துவிடும். துளை ஒன்று போதாது, இரண்டு போடுங்கள்.

ஏன் இரண்டு என்பதை நான் பணம் கொடுத்துக் கற்றேன். என் தொட்டியில் ஒரே துளை. அதன்மேல் ஒரு நத்தை போய் உட்கார்ந்திருந்த நேரத்தில் கரண்ட் போனது. காலையில் எழுந்து கால் வைத்தால் சளக் என்றது. கீழ்வீட்டு அம்மா மாடியேறி வந்து, ஒரு வார்த்தை பேசாமல், தன் வீட்டுக் கூரையின் ஈரப் படத்தைப் போனில் காட்டினார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

நான்-ரிட்டர்ன் வால்வை வேண்டுமானால் கூடுதலாகப் போடுங்கள். ஆனால் கடல்நீரில் அதன் நாக்கில் சுண்ணாம்பும் குழாய்ப் புழுக்களும் படிந்து, ஒருநாள் முழுதாக மூடாது. அதை நம்பித் தூங்க முடியாது.

உப்பைக் கரைப்பதற்கு முன்பே, வெறும் குழாய்த் தண்ணீர் ஊற்றி ஓட்டி, பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள். கீழே ஏறி நிற்கிற மட்டம் விளிம்புக்கு நாலு விரல் கீழே இருக்க வேண்டும். இருந்தால், ஓடும்போது நின்ற மட்டத்தில் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோட்டுக்கு மேல் எந்த நாளும் தண்ணீர் நிரப்பாதீர்கள்.

பிளம்பர் பித்தளை வால்வு மாட்டிவிட்டார். நல்ல கனமானது. இருக்கட்டுமா? (கோவை வாசகர்)

இன்றைக்கே கழற்றுங்கள். பித்தளையில் இருப்பது செம்பு. உப்புநீரில் அது கரையும், இறால், நத்தை, பவளம் எல்லாம் சாகும். யூபிவிசி வால்வு போதும். ஓஸ் பைப்பைக் கவ்வும் கிளிப்பும் பிளாஸ்டிக்காக இருக்கட்டும்.

தொட்டியில் ஓட்டை போடப் பயமாக இருக்கிறது. விளிம்பில் தொங்கவிடும் ஓவர்ஃப்ளோ பெட்டி வாங்கலாமா? (ஈரோடு வாசகர்)

அந்தப் பெட்டிகளில் பல, உறிஞ்சு குழாயால் ஓடுபவை. வளைவில் காற்று சேர்ந்தால் இறக்கம் நின்றுவிடும். மோட்டாருக்கு அது தெரியாது, தண்ணீரை ஏற்றிக்கொண்டே இருக்கும், மேல்தொட்டி வழியும். அதனால் துளைதான் என் கட்சி. அதிலும் இரண்டு துளை: ஒன்று ஓடுவதற்கு, மற்றது முதல் குழாய் அடைத்தால் காப்பாற்றுவதற்கு.

ஆனால் டெம்பர் செய்த, அதாவது சூடாக்கிக் கடினமாக்கிய, கண்ணாடியில் துளை போட்டால் மொத்தமும் பொடிப்பொடியாக உதிரும். லேப்டாப் திரையை வெள்ளையாக வைத்துக் கண்ணாடிக்குப் பின்னால் நிறுத்தி, போலரைஸ்டு கூலிங் கிளாஸ் வழியாகப் பாருங்கள். கறுப்புத் திட்டுகளோ கோடுகளோ தெரிந்தால் டெம்பர் செய்தது என்று அர்த்தம், தொடாதீர்கள். சாதாரணக் கண்ணாடி என்றால் வைரத் துகள் பதித்த வட்ட பிட், குறைந்த வேகம், விடாமல் தண்ணீர். துளைக்கும் விளிம்புக்கும் நடுவே துளையின் விட்டமளவாவது இடம் விடுங்கள்.

சம்ப் போட்டதிலிருந்து மேல்தொட்டி முழுக்கப் பொடிக் குமிழி. (திருச்சி வாசகர்)

புது ஸ்கிம்மர் என்றால் ஒரு வாரம் பொறுங்கள், தானே அடங்கும். அடங்காவிட்டால் மோட்டார் அறைக்கு முன்னால் மூன்று தடுப்புக் கண்ணாடி வேண்டும். முதலாவதின் மேலே வழிந்து, இரண்டாவதின் அடியில் நுழைந்து, மூன்றாவதின் மேலே ஏறி நீர் போக வேண்டும். இடைவெளி 3 செ.மீ. இருக்கட்டும். அதைவிட ஒடுக்கினால் நீர் வேகமெடுத்துக் குமிழியையும் இழுத்துக்கொண்டு போகும்.

ராமேஸ்வரத்துக்கு முன்னால் இருக்கும் மண்டபம் ஊர்ப் பக்கம் செத்த பவளக்கல் கிடைக்கும் என்கிறார்கள். சம்பில் போடலாமா? (பெயர் வேண்டாம் என்ற வாசகர்)

பெயர் வேண்டாம் என்றபோதே பதில் உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன் முதல் அட்டவணையில் பவளப்பாறை இனங்கள் இருக்கின்றன. செத்தது, உயிருள்ளது என்ற பேதமெல்லாம் கிடையாது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. கழிவைச் சிதைக்கும் பாக்டீரியா குடியேறத் துளைகள் உள்ள ஏதாவது ஒரு பரப்பு வேண்டும், அவ்வளவுதானே? பீங்கான் வளையம் வாங்கிப் போடுங்கள். நண்பர் தொட்டியில் பழகிய வளையம் நாலு கைப்பிடி கிடைத்தால் இன்னும் நல்லது.

மோட்டார் அறையில் தினமும் தண்ணீர் குறைகிறது. உப்புநீர் ஊற்றிக்கொண்டே வருகிறேன். (தூத்துக்குடி வாசகர்)

நிறுத்துங்கள். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அப்படியே தங்கும். ஊற்ற வேண்டியது ஆர்ஓ தண்ணீர். முதலில் உப்பை அளந்து பாருங்கள். ஏறியிருந்தால் 35 ppt-க்கு (ஆயிரத்தில் 35 பங்கு) ஒரே நாளில் இறக்காமல் சில நாட்களில் மெதுவாக இறக்குங்கள்.

தடுப்புகள் மற்ற அறைகளின் மட்டத்தைப் பிடித்து வைப்பதால் குறைவு முழுவதும் அந்தக் கடைசி அறையில்தான் தெரியும். அறை 20 × 40 செ.மீ. என்றால் 4 லிட்டர் போனாலே 5 செ.மீ. இறங்கிவிடும். வெயில் காலத்தில் ஃபேன் வைத்தால் இன்னும் வேகம். தானாக நிரப்பும் மிதவை சுவிட்ச் வைக்கலாம். ஆனால் அதற்கான கேன் 10 லிட்டரைத் தாண்ட வேண்டாம். சுவிட்ச் ஒருநாள் சிக்கி, கேன் மொத்தமும் சம்பில் இறங்கினாலும் தரைக்கு வரக்கூடாது.

தடுப்புக் கண்ணாடி ஒட்ட என்ன சிலிக்கான்? எத்தனை நாள் காய வேண்டும்? (சேலம் வாசகர்)

வினிகர் வாடை அடிக்கும் சுத்தமான சிலிக்கான், பூஞ்சைத் தடுப்பு மருந்து கலக்காதது. ஒரு வாரம். பழைய சிலிக்கான்மேல் புதியது ஒட்டாது, பிளேடால் சுரண்டிவிட்டுப் பூசுங்கள்.

இரண்டடித் தொட்டிக்கும் சம்ப் வேண்டுமா? (நாகர்கோவில் வாசகர்)

இரண்டு கோமாளி மீன்தானே? வேண்டாம். வாரம் ஒருமுறை 10 சதவீதம் தண்ணீர் மாற்றுங்கள், அந்தக் காசுக்கு நல்ல ஆர்ஓ ஃபில்டர் வாங்குங்கள்.