பக்கத்துத் தெருவில் பீரங்கி

அன்புள்ள சார்,

ஆஸ்திரிய எழுத்தாளர் ஸ்டெஃபான் ஸ்வைக் தன் வாழ்க்கையைப் பற்றி எழுதிய ‘நேற்றைய உலகம்’ நூலை இந்த மாதம்தான் படித்து முடித்தேன். அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை. ராத்திரிகளில் அவர் பக்கத்தில் விழித்திருந்தபோது படித்த புத்தகம். கடைசிப் பக்கங்களில் அழுதுவிட்டேன். பழைய வியன்னா நிஜமாகவே அவர் சொல்வதுபோல் அவ்வளவு பொன்னான ஊரா? ராபர்ட் மூசிலை எங்கிருந்து தொடங்கலாம்? இன்னொன்று, இது என் எண்ணம். இரண்டு போர்களுக்கு நடுவே எல்லோரும் ஆளுக்கொரு கொடி பிடித்தபோது ஸ்வைக் விலகி நின்று மனிதனை மட்டும் பார்த்தார். கலைஞன் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. சரிதானே?

வி.

அன்புள்ள வி,

அப்பா இப்போது எப்படி இருக்கிறார்? நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கிற புத்தகம் வேறு விதமாக உள்ளே இறங்கும். நீங்கள் அழுததை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். கையில் குறிப்புகள் இல்லாமல், பழைய கடிதங்கள் இல்லாமல், திரும்பிப் போக நாடும் இல்லாமல் ஒரு மனிதர் நினைவிலிருந்து எழுதிய புத்தகம் அது. 1942 பிப்ரவரியில் பிரேசிலின் பெட்ரோபொலிஸில் அவரும் மனைவி லோட்டேயும் தற்கொலை செய்துகொண்டார்கள். அந்தப் புத்தகம் அச்சாகி வந்ததை அவர் பார்க்கவில்லை.

பொன்னான ஊரா என்றால், வசதியான வீட்டில் பிறந்தவர்களுக்குப் பொன்தான். அதே ஊரில் படுக்க இடமில்லாமல், அடுத்தவர் வேலைக்குப் போன நேரத்தில் அவருடைய கட்டிலைக் காசு கொடுத்து வாங்கித் தூங்கிய தொழிலாளிகள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். மூசிலை இப்போதைக்கு விடுங்கள். அவருடைய ‘குணங்களற்ற மனிதன்’ பாதித் தூக்கத்தில் படிக்கிற நாவல் இல்லை.

விலகி நின்றார் என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. நீங்கள் அந்தப் புத்தகத்தைச் சரியாகப் படிக்கவில்லை. 1934 பிப்ரவரியைப் பற்றி அவர் என்ன எழுதியிருக்கிறார் என்று திரும்பப் புரட்டிப் பாருங்கள்.

அந்த பிப்ரவரிக்குப் பதினொரு மாதம் முன்பே ஆஸ்திரியாவின் சான்சலர் டோல்ஃபுஸ் நாடாளுமன்றத்தை மூடிவிட்டார். எதிர்த்து நின்றது சமூக ஜனநாயகக் கட்சி. வியன்னா நகராட்சி அந்தக் கட்சியின் கையில் இருந்தது. கட்டிலுக்கு வாடகை கொடுத்துத் தூங்கியவர்களின் பிள்ளைகளுக்காக அது 60,000க்கும் மேல் வீடுகள் கட்டியிருந்தது. அதில் பேர்பெற்றது கார்ல் மார்க்ஸ் ஹோஃப். 1930இல் திறந்தார்கள். 1,382 குடியிருப்புகள், ஒரு கிலோமீட்டர் நீளம். உள்ளேயே குழந்தைகள் பள்ளி, நூலகம், துணி துவைக்கும் கூடம், குளியல் கூடம். 1934 பிப்ரவரி 12ஆம் தேதி காலை லின்ஸ் நகரில் அரசாங்கத்துக்கும் அந்தக் கட்சியின் ஆட்களுக்கும் சண்டை மூண்டு, அன்றே வியன்னாவுக்குப் பரவியது. ஜனங்கள் குடியிருந்த இந்தக் கட்டிடத்தின் மீது அரசாங்கமே பீரங்கியால் சுட்டது. சண்டை முடிந்ததும் ஒன்பது பேரைத் தூக்கிலிட்டார்கள். அதில் ஒருவர் கார்ல் முனிக்ரைட்டர், செருப்புத் தைக்கிற தொழிலாளி. பலத்த காயம். ஸ்ட்ரெச்சரில் வைத்துத்தான் தூக்குமேடைக்குக் கொண்டுபோனார்கள்.

அந்த நாட்களில் ஸ்வைக் வியன்னாவில்தான் இருந்தார். ஆனால் எதையும் பார்க்கவில்லை. இதை அவரே எழுதுகிறார். நியூயார்க்கிலும் லண்டனிலும் பேப்பர் படித்தவனுக்குத் தெரிந்த அளவுகூடத் தனக்குத் தெரியவில்லை என்று கூசிக்கொண்டே ஒப்புக்கொள்கிறார். அதே மாதம் அவருடைய சால்ஸ்பர்க் வீட்டில் போலீஸ் புகுந்து ஆயுதம் தேடியது. யுத்தமே வேண்டாம் என்று எழுதிய மனிதரின் வீட்டில்! உடனே ஊரை விட்டுக் கிளம்பி லண்டன் போய்விட்டார். ஒரு மனிதர் வலியோடு ‘நான் பார்க்கவில்லை’ என்கிறார். நீங்கள் அதையே எடுத்து அவருக்கு மாலையாகப் போடுகிறீர்கள். இது அவருக்குச் செய்யும் மரியாதையா?

நான் இவ்வளவு கோபப்படக் காரணம் உண்டு. வேலை நிமித்தம் ஒரு மில் ஊரில் நாலு வருடம் இருந்தேன். அப்போது ஒரு மொழிபெயர்ப்பில் மூழ்கிக் கிடந்தேன். கதவைச் சாத்திக்கொண்டு ஒரு வாக்கியத்தை ஒன்பது தடவை மாற்றி எழுதுவேன். வீட்டுக்குப் பால் ஊற்றும் அம்மா மூன்று நாள் வரவில்லை. நாலாம் நாள் வந்தபோது ஏன் என்று கேட்டேன். ஸ்ட்ரைக்கில் மகனுக்குக் கை முறிந்துவிட்டதாம், ஆஸ்பத்திரியில் இருக்கிறானாம். ‘ஐயோ, எங்கே அடிச்சாங்க?’ என்றேன். அந்த அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். ‘நம்ம தெருவுலதான் சார் ஓடியாந்தாங்க’ என்றார். அப்புறம் செம்பை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்த மொழிபெயர்ப்பு புத்தகமாக வந்தது, நல்ல பெயரும் வாங்கியது. இன்றைக்கும் அதைக் கையில் எடுத்தால் எனக்கு அந்தச் செம்புதான் ஞாபகம் வருகிறது.

எல்லோரும் கொடி பிடித்தார்கள் என்கிறீர்கள். வியன்னாவின் அங்கத எழுத்தாளர் கார்ல் க்ராவ்ஸ் எந்தக் கொடியைப் பிடித்தார்? 1927 ஜனவரியில் ஷாட்டன்டோர்ஃப் கிராமத்தில் வலதுசாரிகள் சுட்டதில் போரில் ஊனமான ஒருவரும் ஒரு சிறுவனும் செத்தார்கள். ஜூலை 14இல் சுட்டவர்களை ஜூரிகள் விடுதலை செய்தார்கள். மறுநாள் தொழிலாளிகள் திரண்டு நீதி மாளிகைக்குத் தீ வைத்தார்கள். போலீஸ் சுட்டதில் 80க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பின்னாளில் எழுத்தாளரான எலியாஸ் கனெட்டி அன்று அந்தக் கூட்டத்துக்குள் இருந்தார். ‘கோப்புகள் எரிகிறதே!’ என்று தனியாக ஒருவர் புலம்பியதையும், ‘மனுஷன் எரிவதற்கு இது தேவலை’ என்று தான் சொன்னது அவர் காதில் ஏறவே இல்லை என்பதையும் பின்னால் எழுதினார். செப்டம்பரில் க்ராவ்ஸ் தன் சொந்தப் பெயரில் வியன்னா முழுக்கச் சுவரொட்டி ஒட்டினார். போலீஸ் தலைவர் ஷோபர் பதவி விலக வேண்டும் என்பதுதான் வாசகம். அவருக்குப் பின்னால் எந்தக் கட்சியும் இல்லை.

அதே க்ராவ்ஸ் 1934இல் டோல்ஃபுஸ் பக்கம் நின்றார். ஹிட்லரைத் தடுக்க வேறு ஆள் இல்லை என்று நினைத்தார். கனெட்டி உட்பட, அவரைத் தெய்வமாக வைத்திருந்த பலர் மனமுடைந்து போனார்கள். என்னைக் கேட்டால் அது தப்புதான். பெரிய தப்பு. ஆனால் பீரங்கிச் சத்தம் காதில் விழுந்து, அதை எடைபோட்டு, தப்பாக எடைபோட்ட மனிதர் அவர். அந்தத் தப்போடு என்னால் சண்டை போட முடியும். சத்தமே கேட்காத இடத்தில் எதனோடு சண்டை போடுவது?

ஸ்வைக்குக்கு யாரும் சொல்லவில்லை என்றும் இல்லை. நண்பரும் நாவலாசிரியருமான யோசெஃப் ரோத் 1933 பிப்ரவரியிலேயே அவருக்கு எழுதிவிட்டார். பேரழிவை நோக்கிப் போகிறோம், உங்களையே ஏமாற்றிக்கொள்ளாதீர்கள் என்று. ஹிட்லர் பதவியேற்ற அன்றே ஜெர்மனியை விட்டு ரயிலேறியவர் ரோத். அதற்குப் பிறகு ஓட்டல் அறைகளும் குடியும்தான் வாழ்க்கை. ஸ்வைக் அவருக்குப் பணம் அனுப்பிக்கொண்டே இருந்தார். நல்ல மனிதர் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 1939 மே மாதம் பாரிஸில் ரோத் செத்தபோது வயது 44.

அதனால் அடுத்து ரோத்தை எடுங்கள். ‘ராடெட்ஸ்கி மார்ச்’, 1932இல் வந்தது. அப்பா கேட்கிற நிலையில் இருந்தால் முதல் அத்தியாயத்தை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். சோல்ஃபெரினோ போர்க்களத்தில் ஒரு சாதாரண லெஃப்டினன்ட் பேரரசரின் தோளைப் பிடித்துக் கீழே தள்ளி, அவருக்கு வந்த குண்டைத் தான் வாங்கிக்கொள்கிறான். வருடங்கள் கழித்து மகனின் பாடப்புத்தகத்தைப் புரட்டினால் அதில் அவன் குதிரைமேல் பாய்ந்து வந்து வாள் வீசியதாகப் போட்டிருக்கிறது. நடந்தது அது இல்லையே என்று ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்கி, கடைசியில் பேரரசரிடமே போய் நிற்கிறான்.