புயலடிக்கும் இரவில் கூட இருந்த மகன்

அன்புள்ள ஐயா,

ஏற்காட்டில் ஆசிரியையாக இருக்கிறேன். டிரினிடாடில் பிறந்த ஆங்கில எழுத்தாளர் வி.எஸ். நைபால் 2018 ஆகஸ்ட் 11 அன்று லண்டனில் காலமானார் என்ற செய்தி வந்தபோது, அவருடைய ‘எ ஹவுஸ் ஃபார் மிஸ்டர் பிஸ்வாஸ்’ நாவலில் பாதியில் இருந்தேன். அஸ்தம்பட்டியில் மாதாமாதம் கூடும் எங்கள் வாசகர் வட்டத்தில் அஞ்சலிக் கூட்டம் வைக்கலாமா என்று கேட்டேன். ஒரு தோழி கொதித்துவிட்டார். “நம் நாட்டைக் கேவலமாக எழுதியவர், மனைவியை வதைத்தவர், பெண்களுக்கு எழுத வராது என்றவர், பாபர் மசூதி இடிப்புக்கு நியாயம் சொன்னவர். அவருக்கு எதற்கு அஞ்சலி?” என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. பொம்மை வீட்டை பிஸ்வாஸின் மனைவி ஷாமா உடைக்கும் இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டேன். மேலே படிக்கலாமா?

– ஒரு வாசகி, ஏற்காடு

அன்புள்ள டீச்சர்,

உங்கள் தோழியின் கோபம் சரியானது. செத்தவரைப் பற்றிக் குறை பேசக்கூடாது என்பது இழவு வீட்டு மரியாதை. எழுத்தாளருக்கு அதைக் கொண்டுவர வேண்டியதில்லை. மனைவி பாட்ரீசியா 41 ஆண்டுகள் கூட இருந்தவர், அவருடைய எழுத்தை அச்சுக்கு முன்பே படித்துக் கருத்துச் சொன்னவர். அவர் புற்றுநோயாளி என்று தெரிந்தும், தான் விலைமாதர்களிடம் போனதை 1994இல் ஒரு பேட்டியில் சொன்னார் நைபால். தானே அவரைக் கொன்றதாகச் சொல்லலாம் என்று பின்னால், தன் வாழ்க்கை வரலாற்றை எழுதிய பாட்ரிக் ஃபிரெஞ்சிடம் ஒத்துக்கொண்டார். 2008இல் வந்த அந்த வாழ்க்கை வரலாற்றில் எல்லாம் இருக்கிறது. ஜேன் ஆஸ்டன் உட்பட எந்தப் பெண் எழுத்தாளரும் தனக்கு ஈடில்லை என்று 2011இல் சொன்னது வெறும் அகம்பாவம். மசூதி விஷயத்திலும் நான் தோழியின் பக்கம்தான்.

நாட்டைக் கேவலப்படுத்தினார் என்பதில் மட்டும் கொஞ்சம் நிற்கிறேன். 1964இல் வந்த அவருடைய இந்தியப் பயண நூல் ‘ஆன் ஏரியா ஆஃப் டார்க்னஸ்’ எனக்கும் ஆத்திரமூட்டிய புத்தகம். பம்பாய்க் கவிஞர் நிஸிம் எசக்கியேல் அதற்கு ஒரு மறுப்பு எழுதினார். நைபால் கண்ட இருட்டெல்லாம் இங்கே உண்டு என்று முதலில் ஒப்புக்கொண்டுவிட்டு, அப்புறம்தான் சண்டைக்குப் போனார். சண்டை போடுவது என்றால் அப்படிப் போட வேண்டும். நைபாலும் அங்கேயே நின்றுவிடவில்லை. 1990இல் வந்த இந்தியப் புத்தகத்தில் மனிதர்களைப் பேசவிட்டு உட்கார்ந்து கேட்கிறார். சென்னைக்கு வந்து பெரியாரின் இயக்கத்தாரிடமும் பேசியிருக்கிறார். 1944இல் அந்த இயக்கம் திராவிடர் கழகம் என்று பெயர் மாறியது எங்கள் சேலத்தில்தான் என்பதால் அந்தப் பக்கங்களைக் குறை தேடியே படித்தேன். குறை இருந்தது, பொறுமையும் இருந்தது.

சரி, உங்கள் நாவலுக்கு வருகிறேன். அதில் பாதி உரிமை அவருடைய அப்பா சீபர்சாத்துக்கு உண்டு. 1845 முதல் 1917 வரை கரீபியத் தீவான டிரினிடாடின் கரும்புத் தோட்டங்களுக்கு இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களின் வழிவந்தவர், பத்திரிகை நிருபர். பிஸ்வாஸ் என்பவர் அவர்தான். மனைவி வீட்டாரின் பெரிய வீட்டில் ஒண்டிக்கொண்டு, சொந்தமாக ஒரு வீடு வேண்டும் என்று சாகும்வரை அலைகிற மனிதர்.

என் அப்பா அம்மாபேட்டையில் வீட்டோடு மாப்பிள்ளை. தாத்தாவின் தறியில்தான் நெய்தார். வாரக் கூலியைத் தாத்தா எண்ணி வைப்பார். அப்பா அதை எண்ணிப் பார்க்காமல் மடியில் கட்டிக்கொள்வார். சாப்பிடும்போது தட்டை விட்டுத் தலை நிமிர்ந்து நான் பார்த்ததில்லை. ஐம்பது வயதுக்கு மேல் கடன் வாங்கிக் கன்னங்குறிச்சியில் இரண்டு அறை வீடு ஒன்றை வாங்கினார். பின்கதவு நிலையில் பொருந்தாது. ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்துச் சாத்துவோம். பிஸ்வாஸ் வாங்கும் வீட்டிலும் சில கதவுகள் சாத்தாது. அதைப் படித்த அன்று எனக்கு மேலே படிக்க முடியவில்லை. அப்பா போன பிறகும் அந்தச் செங்கல் அங்கேயே கிடந்தது.

நீங்கள் நிறுத்திய இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு புயல் வரும். கரும்புத் தோட்டக் கூலிகள் வரிசையாகக் குடியிருக்கும் லயன் வீடுகளுக்குப் பக்கத்தில், பாதி கட்டிய வீட்டில், பிஸ்வாஸுக்குப் புத்தி கலங்கிக்கொண்டிருக்கும். லயன் வீடு எப்படியிருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்கள் கிளம்பிப் போகும்போது மகன் ஆனந்த் மட்டும் அப்பாவோடு தங்கிவிடுவான். ஏன் என்று பின்னால் கேட்டால், உங்களைத் தனியாக விட்டுவிட்டுப் போகப் பார்த்தார்களே என்பான். சின்னப் பையன்.

1953இல் சீபர்சாத் இறந்தபோது நைபால் ஆக்ஸ்ஃபோர்டில் இருந்தார். ஊருக்குப் போகவில்லை. நாவலின் கடைசியிலும் ஆனந்த் திரும்பி வருவதில்லை, அக்கா சாவிதான் வருகிறாள். தான் வராததை நைபால் மறைக்கவில்லை.

படியுங்கள், டீச்சர். கூட்டமும் வையுங்கள். உங்கள் தோழியையே முதலில் பேசச் சொல்லுங்கள், பாட்ரீசியாவைப் பற்றி எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசட்டும். அதற்குப் பிறகு நீங்கள் அந்தப் புயல் பக்கங்களை வாசியுங்கள். தேதியைச் சொன்னால் நானும் வருகிறேன்.