மெசி உழவு இயந்திரத்தை வீட்டிலேயே பெயின்ற் அடிக்கலாமா?

சில்லும் சாவியும்: வாசகர் கேள்வி, பதில்

கேள்வி: அண்ணை, எங்கள் அப்பாவின் மெசி பெர்குசன் 135 உழவு இயந்திரம் ஆறு வருசமாக வீட்டுக்குப் பின்னால் வேம்பின் கீழ் நிற்கிறது. அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்த நாளிலிருந்து ஒருவரும் ஸ்ரார்ட் பண்ணவில்லை. பொனற், மட்காட் எல்லாம் கறள். தம்பி பத்து நாள் லீவில் வருகிறான். இரண்டு பேருமாகப் பெயின்ற் அடித்து அப்பாவுக்குக் காட்ட ஆசை. கொம்பிறசர் இரவல் கிடைக்கும். எத்தனை நாள் பிடிக்கும்? எதிலிருந்து தொடங்குவது?
– ஒரு மகள், விசுவமடு

பதில்: பெயின்ற் அடிக்க இரண்டு காலைப்பொழுது காணும், தங்கச்சி. அதற்கு முதல் ஊத்தை எடுக்க மூன்று கிழமை வேண்டும். ஆகவே தம்பி வரும் வரைக்கும் காத்திருக்காமல் நீங்கள் தொடங்கிவிடுங்கள். பெயின்ற் துப்பாக்கியை அவன் பிடிக்கட்டும், ஆம்பிளைப் பிள்ளைகளுக்கு அதில்தான் ஆசை.

முதலில் எஞ்சின். ஒயில் ஒழுகுகிற மெசினுக்கு அடித்த பெயின்ற் ஒரு போகம்கூட நிற்காது. ஒழுக்கு எங்கே என்று ஓடவிட்டுப் பார்த்தால்தான் தெரியும். அதற்காக ஆறு வருசம் நின்ற எஞ்சினுக்குத் திறப்பைத் திருப்பிச் செல்ப் அடிக்க வேண்டாம். 135-இல் இருப்பது பேர்கின்ஸ் மூன்று சிலிண்டர் எஞ்சின், கிட்டத்தட்ட இரண்டரை லீற்றர். இன்ஜெக்டர் மூன்றையும் கழற்றி, ஒவ்வொரு ஓட்டைக்குள்ளும் இரண்டு மேசைக்கரண்டி எஞ்சின் ஒயில் விட்டு, இரண்டு நாள் ஊறவிடுங்கள். அப்புறம் எஞ்சினின் முன்னால் பெல்ற் ஓடுகிற புலியின் நட்டில் பெரிய சாவி போட்டு, கையால் ஆறுதலாகத் திருப்ப வேண்டும். இரண்டு முழுச் சுற்று வந்தால் நல்லது. வராவிட்டால் சாவியில் பைப் பூட்டி முறுக்காதீர்கள், இன்னும் இரண்டு நாள் ஊறட்டும். இன்ஜெக்டர் கழற்றத் தெரிந்த ஒருவரை அரைநாள் கூப்பிடுங்கள். கூலி மிச்சம் பிடிக்கிற இடம் அது அல்ல.

பழைய ஒயிலையும் டீசலையும் வடித்து, பில்ற்றர் மாற்றிப் புதிதாக நிரப்பியபின் டீசல் பாதையில் அடைபட்டு நிற்கும் ஏர் எடுக்க வேண்டும். இங்கே நிறையப் பேர் தடுமாறுவார்கள். பக்கத்தில் இருக்கும் சின்ன டீசல் பம்பின் கைநெம்பை எத்தனை தரம் அமத்தினாலும் டீசல் வராது, நெம்பும் தொளதொள என்று ஆடும். உடனே பம்பு பழுது என்று முடிவுகட்டிப் புதுப் பம்பு வாங்கியவர்களைக் கண்டிருக்கிறேன். பெரும்பாலும் பம்பில் பழுது இருக்காது. உள்ளே சுழலும் காம் என்ற மேடு அதைத் தள்ளிப் பிடித்தபடி நிற்கும், அவ்வளவுதான். எஞ்சினைக் கையால் ஒரு சுற்றுத் திருப்பிவிட்டு மறுபடி அமத்துங்கள், நெம்பில் பாரம் தெரியும். முதலில் பில்ற்றர், அடுத்து பெரிய பம்பு, கடைசியில் இன்ஜெக்டர் நட்டு. இந்த ஒழுங்கில் குமிழி நிற்கும்வரை எடுங்கள். ஸ்ரார்ட் பண்ணும்போது கியர் நியூற்றலில் இருக்கிறதா என்று இரண்டு தரம் பாருங்கள். இத்தனை வருசத்தில் கிளச் ஒட்டியிருக்கும், காலால் மிதித்தாலும் விடாது.

ஓடியது, ஒழுக்கு அடைத்தாயிற்று என்றால் இனி ஊத்தை. கியர்பொக்ஸின் மேல் இருப்பது வெறும் மண் அல்ல. முப்பது நாற்பது வருசத்துக் கிறீசும் ஒயிலும் வயல் சேறும் சேர்ந்து இறுகிய ஒரு தோல். அதன்மேல் மண்ணெண்ணெய் தெளித்தால் மேற்புறம் மட்டும் மினுங்கும். முதலில் தட்டையான ஸ்குரூட்றைவரால் சுரண்டுங்கள். ஒரு விரற்கடை தடிப்பில் பாளம் பாளமாக வரும். எங்கள் மெசியில் சுரண்டும்போது அந்தப் பாளத்துக்குள் ஒரு நெல் உமி கெடாமல் இருந்தது, எந்தப் போகத்து நெல்லோ. சுரண்டி முடிந்தபின் மண்ணெண்ணெய் பூசி ஓர் இரவு விட்டு, பிரஷால் தேய்த்து, அப்புறம் சலவைத்தூளும் சுடுநீரும். இந்தக் கடைசி வேலையை விட்டுவிடக் கூடாது. மண்ணெண்ணெய் ஊத்தையை எடுக்கும், ஆனால் தன் பிசுக்கை விட்டுவிட்டுப் போகும். அதன்மேல் பிரைமர் அடித்தால் காசு காசாக விலகி, நடுவில் இரும்பு தெரியும். காய்ந்தபின் தினர் தோய்த்த ஒரு சீலையால் துடைத்து, கையோடு காய்ந்த சீலையாலும் துடையுங்கள். இதையெல்லாம் கிணற்றடியில் செய்யாதீர்கள். கீழே தகரம் வைத்து வடிகிறதைப் பிடியுங்கள், குடிக்கிறதும் அந்தத் தண்ணீர்தான்.

கழற்றும் முன் ஒவ்வொரு வயரையும் போனில் படம் எடுங்கள். நட்டு, போல்ட் எல்லாம் பால்மாப் பேணிகளில். பேணிக்கு வெளியே "இடது மட்காட்" என்று எழுதி ஒட்டுங்கள். பின் சில்லைக் கழற்றுவதென்றால் ஒன்று சொல்ல வேண்டும். இந்த மெசினின் முன் அச்சு நடுவில் ஒரு பின்னில்தான் தொங்குகிறது, இரண்டு பக்கமும் ஆடும். ஜாக் கொடுக்க முதல் அச்சுக்கும் மேல் வார்ப்புக்கும் இடையில் இரண்டு பக்கமும் முதிரைக் கட்டை அடித்து ஆட்டத்தை நிறுத்துங்கள். இல்லாவிட்டால் மெசின் சரியும். சில்லுக்குள் பாரத்துக்காகத் தண்ணீர் அடைத்திருந்தால் அதைத் தனியாள் பிடிக்க ஏலாது. பிரேக் டிரம் திறந்தால் உள்ளே இருக்கும் தூளைக் கொம்பிறசரால் ஊதவே கூடாது. அந்தக் காலத்துப் பிரேக் லைனிங்கில் அஸ்பெஸ்ரஸ் கலந்திருக்கும். ஈரச் சீலையால் துடைத்து, சீலையைப் பையில் கட்டிப் போடுங்கள். பழைய பெயின்றில் ஈயம் இருக்கலாம் என்பதால் சாண்ட் பேப்பரும் தண்ணீர் தொட்டுத்தான்.

கறள் மோசமாக இருக்கும் இடம் பொனற் அல்ல, மட்காட்டின் உட்பக்கம். வயல் சேறு ஒட்டிக்கொண்டு ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும் இடம் அது. சுரண்டிய இரும்பை அன்று பின்னேரத்துக்குள்ளேயே பிரைமரால் மூடிவிடுங்கள். வெறுமனே விட்டால், மாசிப் பனியில் விடியும்போது மஞ்சள் பூத்திருக்கும்.

எப்போது அடிப்பது? காலபோக வெட்டு முடிந்து, பனி குறைந்து, சோளகக் காற்று எழும்ப முதல் இருக்கும் பங்குனி. வைகாசிக்குப் பிறகு புழுதிக் காற்று. ஐப்பசி தொடங்கினால் மழை. நான் ஒருமுறை அவசரப்பட்டு மாசியில் அடித்தேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம் சூடடித்துக்கொண்டிருந்தார்கள். ஈரச் சிவப்பின்மேல் சப்பி வந்து படிந்தது. அந்த மட்காட்டைத் தடவினால் இன்றைக்கும் ரவை தடவுகிற மாதிரி இருக்கும். நிலத்துக்குத் தண்ணீர் தெளித்து, காலை எட்டு மணிக்குமேல் பனி ஈரம் காய்ந்ததும் தொடங்கி, இரும்பு சுட முதல் நிறுத்திவிடுங்கள். சாதாரண எனாமல் போதும். சிவப்பு இரண்டு லீற்றர், சாம்பல் இரண்டு, வெள்ளி ஒன்று. ஹார்ட்னர் கலக்கிற கார் பெயின்றை வீட்டில் அடிக்க வேண்டாம், அதன் புகைக்குச் சாதாரண மாஸ்க் காணாது. முதல் பூச்சு மெல்லியதாக, கீழே இருப்பது தெரியத் தெரிய இருக்கட்டும். ஒரே பூச்சில் மூட நினைத்தால் வழியும்.

டாஷ் தகட்டில் இருக்கும் இலக்கத்தையும் எஞ்சினில் வெட்டிய இலக்கத்தையும் சுரண்டவோ பட்டி போடவோ கூடாது. பின்னால் வாகனப் பதிவுப் புத்தகத்தோடு ஒத்துப் பார்க்கும்போது பெரிய தலையிடி. தகட்டின்மேல் வாஸ்லின் மெல்லியதாகப் பூசிவிட்டு அடித்தால், படிந்த பெயின்ற் சீலையோடு வந்துவிடும்.

கேள்வி: 135-க்குச் சரியான நிறம் என்ன? கராஜில் எஞ்சின், கியர்பொக்ஸ் எல்லாவற்றுக்கும் சிவப்பே அடித்து, சில்லுக்கு மஞ்சள் அடிப்போம் என்கிறார்கள். எனக்கோ நீலம் பிடிக்கும்.
– வாசகர், பூநகரி

பதில்: இங்கிலாந்தின் கொவென்ட்ரியிலிருந்து 1964-இன் கடைசியில் வெளிவரத் தொடங்கிய மெசின் அது. பொனற்றும் மட்காட்டும் சிவப்பு, எஞ்சினும் கியர்பொக்ஸும் சாம்பல், சில்லு வெள்ளி. முழுச் சிவப்பு அடிப்பது கராஜ்காரரின் சுகம், மறைத்துக் கட்டுகிற வேலை மிச்சம். எந்தச் சிவப்பு என்று கடையில் பெயரைக் கேட்டுக் குழம்பாதீர்கள். கழற்றக்கூடிய சிவப்புத் துண்டு ஒன்றின் வெயில் படாத பக்கத்தில் பழைய நிறம் இருக்கும். அந்தத் துண்டோடு கடைக்குப் போய் ஒத்துப் பாருங்கள். நீலமும் அடிக்கலாம், உங்கள் மெசின். ஆனால் புத்தகத்தில் சிவப்பு என்று இருந்தால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் மாற்ற வேண்டும். நீல மெசியைப் பார்த்து ஊர் கேட்கப் போகும் கேள்விகளுக்கு என்னிடம் பதில் இல்லை.

கேள்வி: இரண்டாம் பூச்சு அடித்த உடனே பொனற் முழுக்கப் பாலாடை போலச் சுருங்கிவிட்டது. கள்ளப் பெயின்றா?
– வாசகர், புதுக்குடியிருப்பு

பதில்: பெயின்றைத் திட்ட முதல் தினர் பேணியைப் பாருங்கள், தம்பி. எனாமலுக்குக் கார் பெயின்ற் தினர் கலந்திருப்பீர்கள், கெதியாகக் காயும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அது கீழே இருக்கும் எனாமலைக் கடித்துக் கிளப்பிவிடும். தினர் சரி என்றால் நேரம் பிழை. எனாமலுக்கு மேல் மறுபூச்சு, பேணியில் சொன்ன சில மணித்தியாலத்துக்குள் அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் நன்றாகக் காயவிட்டு. இரண்டுக்கும் நடுவில் அடித்தால் மேல்தோல் காய்ந்து உள்ளே பச்சையாக இருக்கும், அதுதான் சுருங்குகிறது. இப்போது கை வைக்காதீர்கள். ஒரு கிழமை வெயிலில் விட்டு, இறுகியபின் தண்ணீர் தொட்டுத் தேய்த்து, மறுபடி பிரைமரிலிருந்து.

கேள்வி: எங்கள் மாமாவின் மெசி 2009 போரில் மாத்தளன் வரைக்கும் போய்வந்தது. பொனற்றிலும் ஒரு மட்காட்டிலும் செல் துண்டு பட்ட ஓட்டைகள், எண்ணினால் பதின்மூன்று. தாங்கியிலும் ஒன்று, சவர்க்காரம் வைத்து அடைத்திருக்கிறோம். பெயின்ற் அடிக்கும்போது எல்லாவற்றையும் பட்டி போட்டு மூட வேண்டும் என்கிறார் மனைவி. மாமா ஒன்றும் சொல்லவில்லை. என்ன செய்யலாம்?
– வாசகர், முள்ளியவளை

பதில்: முதலில் தாங்கி. டீசல்தானே என்று நினைத்து அப்படியே வெல்டிங் கொடுக்க வேண்டாம். வெறும் தாங்கியில் நிற்கும் ஆவி சூட்டில் வெடிக்கும். கழற்றி, பல தரம் சுடுநீரால் கழுவி, தண்ணீர் நிரப்பி, அந்த வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள். இன்னொன்று, மட்காட்டின் உட்பக்கம் சேறு சுரண்டும்போது என்னவென்று தெரியாத இரும்பு ஏதாவது தட்டுப்பட்டால் சுத்தியலால் தட்டிப் பார்க்காதீர்கள். விட்டுவிட்டு விலகிப் பொலிசுக்குச் சொல்லுங்கள்.

இனி அந்தப் பதின்மூன்று. ஓட்டைக்குப் பட்டி மட்டும் போட்டால் நிற்காது. மெசின் அதிரும்போது ஒரு மாதத்தில் வட்டமாகக் கழன்று விழும். மூடுவதென்றால் பின்பக்கம் தகரத் துண்டு வைத்து வெல்டிங் கொடுத்துத்தான் மேலே பட்டி. திறந்தே விடுவதென்றாலும் வேலை உண்டு. விளிம்பை அரத்தால் மழுக்கி, உள்விளிம்புக்குச் சின்னத் தூரிகையால் பிரைமரும் பெயின்றும் கொடுத்தால் கறள் பரவாது, கையும் வெட்டாது. பொனற் ஓட்டையால் எஞ்சினுக்கு ஒரு கெடுதலும் இல்லை.

என் மெசி இழுக்கிற பெட்டியின் பின்பலகைத் தகரத்தில் ஏழு ஓட்டை இருந்தது. 2013-இல் எல்லாவற்றையும் வெல்டிங் கொடுத்து, தேய்த்து, பட்டி போட்டு, நல்ல சிவப்பாக அடித்தேன். கை வைத்துத் தடவினாலும் தெரியாது, அவ்வளவு வடிவான வேலை. இரண்டு வருசம் போக, பட்டி போட்ட இடத்துப் பெயின்ற் ஒரு மாதிரியும் தகரத்துப் பெயின்ற் ஒரு மாதிரியும் வெளிறின. இப்போது பின்னேர வெயில் சரிவாக விழும் நேரத்தில் ஏழையும் எண்ணலாம். அதற்குமேல் மறுபடி அடிக்க எனக்கு மனம் வரவில்லை.

மாமா ஒன்றும் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் கேட்டீர்களா என்று எழுதவில்லை. பொனற்றைக் கழற்றித் திண்ணையில் சாத்தி வையுங்கள், தேய்க்கிற வேலையில் அவரையும் ஒரு பக்கம் உட்காரவிடுங்கள். பட்டியை அதற்குப் பிறகு வாங்கலாம், அது எந்த நாளும் கடையில் இருக்கும்.